வெள்ளிக்கிழமை வாங்காத கடிதம்

செப். 3, புதன்

காலையிலேயே புழுக்கம். மாடிக் கொடியில் நிவியின் யூனிஃபார்ம், மறுபடி கரித்தூள். திரும்பத் துவைத்தேன். எண்ணூர் ஃபேக்டரிக் காற்று, யாரைத் திட்டுவது? ஆறு வயதுப் பிள்ளைக்கு மூச்சு விசிலடிக்கிறது. டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார்: "மருந்து மட்டும் போதாதும்மா, ஏரியாவ மாத்துங்க."

ராயபுரத்தில் மாதா கோயில் பக்கம் ஒரு வீடு பார்த்தாச்சு. மாதக் கடைசி வரை வைத்திருப்பார்களாம்.

இந்த வீட்டு அக்ரிமெண்ட் அரிசி டப்பாவுக்கு அடியில். எல்லாம் இங்கிலீஷ். இவருடைய தோஸ்து பாபு, பத்திரம் டைப் அடிக்கும் கடையில் வேலை, வந்து படித்துச் சொன்னார். பதினோரு மாதம். நடுவில் போக வழி:

– ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் (இருந்தாச்சு)
– 5ஆம் தேதிக்குள் நோட்டீஸ், அந்த மாதக் கடைசியில் காலி
– தேதி தவறினால் அடுத்த மாதம் புதிதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும்

"வாட்ஸப்புல போட்டா செல்லாது அண்ணி. எழுதி கைல குட்த்து, வாங்கிகினேன்னு கையெழுத்து வாங்குங்க."

செப். 5, வெள்ளி

வீட்டுக்கார அம்மா (இனி வீ.அ.) நேற்று புழலில் மகள் வீட்டில். இன்று வேலை விட்டு வந்ததும் கடிதத்தோடு கீழே போனேன். கையே நீட்டவில்லை.

"இன்னா ஸ்டெல்லா, வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கிற நேரத்துல காலி பண்ற பேச்சு? நாளிக்கு கொண்டா. நா எங்க ஓடிப் பூடப்போறேன்?"

சரிக்கா என்று ஏறி வந்துவிட்டேன். நாம் வேதக்காரர்கள்தான், ஆனாலும் அடுத்தவர் சாமியை மதிக்க வேண்டும். பால் கார்டு வாங்கணும்.

செப். 6, சனி

படுபாவி. நான் போகும்போதே கண்ணாடி மாட்டி, அக்ரிமெண்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சாந்தேதி நேத்தோட பூட்ச்சே. பேப்பர்ல போட்டுக்கீது, நா இன்னா பண்ணட்டும்?"

"நீங்கதானக்கா வெள்ளிக்கெழம வேணாம்னீங்க!"

"வேணாம்னா சொன்னேன்? நாளிக்குன்னேன்."

இவர், "வுட்டுட்டு பூடலாம் வா" என்று குதிக்கிறார். எங்கே போவது? அட்வான்ஸ் மொத்தமும் அவளிடம், அதை வைத்துத்தான் அடுத்த வீடு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். படியில் வைத்துவிட்டாவது வந்திருக்கலாம்.

செப். 22, திங்கள்

நிவி இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில். முகத்தில் மாஸ்க், ஆவி. "புது வூட்டுக்கு எப்பமா போவோம்?" இந்த மாதம் வர முடியாது என்றதும் ராயபுரம் வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவளிடம் சொல்லவில்லை.

வீ.அ. ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். "கொழந்தைக்கு கண்ணு பட்டுக்கீது, சுத்திப் போடு." பையோடு திருப்பிக் கொடுத்தேன். வாய் திறந்தால் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தியிருப்பேன்.

அக். 3, வெள்ளி

லேசான தூறல். ஒன்றாம் தேதியே கொடுத்திருக்கலாம். எப்போது கொடுத்தாலும் மாதக் கடைசிதானே. அதனால் வெள்ளிக்கிழமைக்காகவே காத்திருந்தேன். சாட்சிக்குப் பாபு. அவள் விளக்கேற்றித் திரும்பினாள், கடிதத்தை நீட்டினேன்.

"வெள்ளிக்கெழம அதுவுமா..."

"ஆமாக்கா, வெள்ளிக்கெழமதான். போடுங்க கையெழுத்த."

தெருவே கேட்கக் கத்தினேன். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். போட்டாள்.

படியேறும்போது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் இருபத்தெட்டு நாள். நிவி இருமிக்கொண்டிருக்கிறாள்.