மாமன் வைத்த நாலு டயர்

ஐப்பசி 2, செவ்வாய்

காலையில் தூறல். காயப் போட்ட கடலை போட்டபடி நனைந்தது. பேத்தி கனகாவைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஒன்பதாம் மாசம். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை, அதனால் எங்களோடுதான் இருக்கிறாள். மகன் முருகேசன் ஓட்டினான். போன வருசம் யாரோ ஒரு டாக்டரிடம் பழசாக வாங்கிய குட்டிக் கார், வெளிநாட்டுக் கம்பெனி. டயர் கல் மாதிரி. காத்து போனாலும் ஓடுமாம், அதற்காகவே பக்கமெல்லாம் கெட்டியாகச் செய்திருக்கிறான். எரியோட்டிலிருந்து வடமதுரை வருவதற்குள் என் இடுப்பு போச்சு. கனகா வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா சொன்னது: நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது. ஆபரேஷன்தான். அதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் உடனே வந்துவிடணும். "வலி இல்லையேன்னு வீட்ல உக்காந்துறாதீங்க பாட்டி." என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

வாங்க வேண்டியது: எலுமிச்சை, வசம்பு, கனகாவுக்குப் பருத்தி நைட்டி இரண்டு.

ஐப்பசி 5, வெள்ளி

நல்ல வெயில். வளைகாப்பு. கீரனூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வேனில் வந்தார்கள். புளிச்சோற்றில் உப்பு கூடிப்போச்சு.

தாய்மாமன் செல்வம் சீர் கொண்டு வந்தான். மருமகள் தங்கத்துக்கு அண்ணன். பைபாஸில் டயர் கடை. இவனோடு நான் பேசி எட்டு வருசம். கனகா சடங்கில் இவன்தான் பந்தி பார்த்தான். எங்கள் வீட்டு ஆட்கள் உட்காருமுன் சோறு தீர்ந்தது என்று இலையை எடுக்கச் சொன்னான். என் வீட்டுக்காரர் அன்றைக்கு வெறும் வயிற்றோடு வீடு வந்தார். அடுத்த தையில் போய்ச் சேர்ந்தார். எனக்கு மறதி கிடையாது.

சீர் என்ன என்றால், டயர். நாலு தாம்பாளத்தில் நாலு புது டயர். மஞ்சள் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி.

"கல்லு டயர்ல என் மருமவ குலுங்கிப் போகக் கூடாது. இது மெத்தை மாதிரி இருக்கும், பாருங்க!"

ஒரே கைதட்டல். சம்பந்தியம்மா என் காதில், "ஏனுங்க, உங்க பக்கம் டயரெல்லாம் சீர் வெப்பாங்களா?"

தட்டு ஒற்றைப்படையில் வைக்கணும். அதுகூடத் தெரியவில்லை. தங்கம் ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஐந்தாவது தட்டாக வைத்துச் சரிக்கட்டினாள்.

ஐப்பசி 6, சனி

மூட்டம். டயர் மாற்றியாச்சு. பழசை முருகேசன் செல்வம் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். வண்டி நன்றாகத்தான் போகிறது, பொய் சொல்லக் கூடாது. கனகா சிரித்தாள். "தொட்டில்ல போற மாதிரி இருக்கு அப்பத்தா."

டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி இல்லை. வைக்கக் குழியும் இல்லை, ஜாக்கியும் இல்லை.

"ஏலே, மாத்து டயர் எங்க?"

"இந்த வண்டிக்குக் கெடையாது ஆத்தா. பழைய டயரு காத்து போனாலும் ஓடும்ல, அதான் கம்பெனிக்காரன் வைக்கலை."

"அதைத்தான் கழட்டிப்பிட்டியே. இது ஓடுமா?"

தலையைச் சொறிந்தான். பசை பாட்டிலும் சின்னப் பம்பும் மச்சான் கொடுத்திருக்காராம், பஞ்சரானால் அடைத்துக்கொள்ளலாமாம்.

"ஆணி குத்துனா சரி. பக்கம் கிழிஞ்சா?"

"நீ வாயை வைக்காத ஆத்தா."

வண்டிக்குள்ளே ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கிறது. டயரில் காத்து குறைந்தால் காட்டுகிற விளக்காம், புது டயருக்கு இன்னும் செட் ஆகவில்லையாம். தங்கம் அதன் மேல் முருகன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். எரிகிற விளக்கை மூடுவது என்ன பழக்கமோ.

ஐப்பசி 9, செவ்வாய்

இன்னொரு டயர் வாங்கி வை என்றேன். வீடு இரண்டானது. தங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கண்ணன் வச்ச சீர்ல ஒண்ணு குறையுதுன்னு ஊரு பேசணுமா அத்தை? நாம வாங்கிச் சேத்தா அதுக்கு வேற என்ன அர்த்தம்?" முருகேசன் மோட்டார் போடணும் என்று தோட்டத்துக்கு நழுவினான்.

சாயங்காலம் செல்வமே வந்தான். தங்கம் போனில் ஓதியிருப்பாள். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என்ன அத்தை, டயர் ஒண்ணு பத்தலையாமே? வாயைத் தொறந்து கேளுங்க, நாளைக்கே கொண்டாந்து போடுறேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இவனிடம் நான் கேட்கணுமா. சிரித்துக்கொண்டே போனான்.

முருங்கைக்கீரை நல்லா இருந்தது.

ஐப்பசி 11, வியாழன்

இரண்டு நாளாக விடாத மழை. வடமதுரை ரோட்டில் புதுசாகச் சல்லி கொட்டிப் பரப்பியிருக்கிறார்களாம். கூர்க்கல். "பஸ்ஸே ஊந்துக்கிட்டுத்தான் போகுது," என்றார் பால்காரர். முருகேசனிடம் சொன்னேன். "ம்" என்றான்.

கனகாவுக்குக் கால் வீக்கம். என் பக்கத்தில் படுக்கச் சொன்னேன். பிள்ளை உதைக்கிறது, கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு மனசே சரியில்லை.

ஐப்பசி 14, ஞாயிறு

மாலை. ஆஸ்பத்திரி வராந்தா. நோட்டு மருந்துப் பையோடு வந்துவிட்டது.

காலையில் காப்பி ஆற்றும்போது கனகா கூப்பிட்டாள். நைட்டியில் ரத்தம். வலி இல்லை. ஆம்புலன்ஸ் வேறு ஊரிலிருந்து வரணும் என்றார்கள். நம்ம வண்டியே என்று கிளம்பினோம். பின் சீட்டில் அவள் தலை என் மடியில்.

சல்லி ரோட்டில் டப்பென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் இழுத்தது. முருகேசன் நிறுத்தவில்லை. ஒரு வருசப் பழக்கம். "ஓடும் ஆத்தா, ஓடும்," என்று மிதித்தான்.

"அந்த டயர் இல்லடா இது!"

அதற்குள் டயர் கழன்று இரும்பு கல்லில் இறங்கியது. பழைய டயர் வருசமெல்லாம் குலுக்கியதை இது ஒரே மூச்சில் குலுக்கியது. பக்கவாட்டில் கை நுழைகிற கிழிசல். முருகேசன் பசை பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அப்பத்தா, நனையுது," என்றாள் கனகா.

தக்காளி ஏற்றிப் போன வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். பெட்டிகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டார். "அது கெடந்துட்டுப் போகுது, புள்ளையத் தூக்குங்க." பெயர் கேட்கவில்லை.

பெண் குழந்தை. லேசாக அழுததாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கனகாவுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள், ஏற்ற ஏற்றப் போகிறது என்கிறார்கள். தங்கம் சுவரில் சாய்ந்து கிடக்கிறாள்.

செல்வம் வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். என் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான் கேட்டேன்ல அத்தை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

எட்டு வருசம் கழித்துப் பேசினேன். "டயர் கடை உன்னுதா, என்னுதா?"

தலையைக் குனிந்தவன் நிமிரவில்லை. அன்றைக்கு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தானே நானும்.

கதவு திறக்கிறது. நர்ஸ். "கனகாவோட ஆளுங்க யாரு?"

முருகேசன் எழவில்லை. செல்வமும் எழவில்லை. நான் போகிறேன்.