தட்டின் மேல் ஒட்டிய பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12 ஜூலை 1937

பிரியமுள்ள ரோசம்மாளுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். நீயும் சத்தியநேசன் அண்ணனும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நீ கொடுத்தனுப்பிய இசைத்தட்டுகளைப் பள்ளிக்கூடத்துக் கிராமபோனில் தேயத் தேயக் கேட்டுவிட்டேன். அந்தப் போலந்துக்காரர் ஷோப்பானின் பியானோ இசையை வாசிக்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அழவேண்டிய இடம் வருமுன்னே அழுதுவிடுகிறார். அந்த வியன்னாக்காரர் ஷூபர்ட்டின் இசையை வாசிப்பதோ, பக்கத்து அறையில் ஒருவர் தமக்குள் பேசிக்கொள்வதுபோல் இருக்கிறது. எனக்கு அப்படி வாசிக்கத்தான் ஆசை.

ஆனாலும் தட்டில் எல்லோரும் ஓடுகிறார்கள். வாசித்து முடிக்குமுன் தட்டின் பக்கம் தீர்ந்துவிடும் என்கிற பயம். உன் வீட்டுப் பியானோவில் நாம் இருவரும் அதே ஷூபர்ட்டை மாறி மாறி வாசித்தோமே, அன்று இசைத்தட்டுப் பதிக்க வந்த சென்னைக் கம்பெனிக்காரர் முடிக்கச் சொல்லிக் கை காட்டியும் நான் கடைசி வரியில் ஓடவில்லை. இரண்டில் நல்லதை வெளியிடுவதாகச் சொன்னார்கள். தகவல் உண்டா? எது வந்தாலும் எனக்குச் சந்தோஷமே.

உன் ஜெயக்கொடி

ராஜபாளையம்
3 செப்டம்பர் 1937

என் ஜெயக்கொடிக்கு,

தட்டு வந்துவிட்டது. என்னுடையதையே எடுத்துக்கொண்டார்கள். நீ வருத்தப்படாதே. பதிவு நாளில் அவர் பஞ்சு விஷயமாகத் தூத்துக்குடி போயிருந்தாரல்லவா, இப்போது தினமும் போடச் சொல்லிக் கேட்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வாசிப்பை உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை. உங்கள் பள்ளிக்கு ஒரு தட்டு வண்டிக்காரர் கருத்தையாவிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன், ரோசம்மாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
10 செப்டம்பர் 1937

அன்பான ரோசம்மாளுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அது நான் வாசித்ததடி. இடது கையில் உன் விரலுக்கு எட்டாத கட்டைகள் ஒரே அழுத்தில் விழுகின்றன. கடைசி வரிக்குமுன் நான் மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது.

தலைமையாசிரியை ஏசம்மாள் அக்கா பிள்ளைகளை எல்லாம் கூட்டிவைத்துத் தட்டைப் போட்டார்கள். "நீயும் இப்படி வாசிக்கப் பழகு, ஜெயக்கொடி" என்றார்கள். அது என் வாசிப்புத்தான் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கம்பெனியில் பெயர் மாறிப்போயிருக்கும். ஒரு வரி எழுதித் திருத்தச் சொல். அக்காவிடமும் சொல்லிவிடு.

உன் ஜெயக்கொடி

ராஜபாளையம்
25 செப்டம்பர் 1937

என் ஜெயக்கொடிக்கு,

கோபப்படாதே. கம்பெனியில் யார் வாசித்தது எது என்று கேட்டார்கள். என்னவோ சொல்லிவிட்டேன். இனி மாற்ற முடியாது. அவரிடம் எந்த முகத்தோடு சொல்லுவேன்? ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்துபோயிருக்கிறார். வாசிப்பவர் மறைந்து ஷூபர்ட் தெரிந்தால் போதும் என்று நீதானே அடிக்கடி சொல்லுவாய்?

கிறிஸ்துமஸுக்கு மதுரையில் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். அதே ஷூபர்ட் வேண்டுமாம். சனிக்கிழமை ரயிலேறி வாடி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு. உன்னைவிட்டால் எனக்கு யார்?

உன்னையே நம்பியிருக்கும்,
ரோசம்மாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
11 அக்டோபர் 1937

திருமதி ரோசம்மாள் சத்தியநேசன் அவர்களுக்கு,

தட்டில் அச்சிட்டபடியே பெயரை எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் இரண்டு நாள் அழுதேன். பிறகு, போகலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரர் முகம் பார்க்காத வீட்டில் நீங்கள் இத்தனை வருஷம் இருந்தது எப்படி என்று எனக்குத் தெரியும். நீங்கள் படிக்கிற காலத்தில் விடுதியில் என் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள்.

போன ஞாயிறு ஏசம்மாள் அக்கா உங்கள் ஊர்க் கோயில் பண்டிகைக்குப் போயிருந்தார்கள். உங்களிடம் நேரே கேட்டார்களாம். நீங்கள் சிரித்துக்கொண்டு, "பாவம் அவ, எனக்கு வந்த பேர் அவளுக்குத் தாங்கல, அக்கா" என்றீர்களாம். அக்கா திரும்பி வந்து என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். பொறாமை என்னும் பாவம் நீங்க முழங்காலில் நிற்கச் சொல்லி, பக்கத்தில் நின்று ஜெபித்தார்கள். நானும் நின்றேன்.

நீங்கள் சும்மா இருந்திருந்தால்கூட வந்திருப்பேன்.

மதுரையில் நீங்கள் வாசிப்பதை நான் தடுக்கமாட்டேன், யாரிடமும் பேசவும் மாட்டேன். சொன்னால் நம்ப இங்கே ஆளில்லை. ஆனால் ராஜபாளையத்துக்கு இனி வரமாட்டேன்.

பாடம் வேண்டுமானால் உங்கள் தட்டைப் போட்டுக் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் அதில் வாசித்திருக்கிறேன்.

ஜெயக்கொடி