வடக்கு முனை

அண்ணி,

இன்று காலை தார்ப்பாய் தேடப் போய் உங்கள் பறியை எடுத்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அளத்தில் மிச்சமிருக்கும் உப்புக் குவியலை மூட இன்னொரு தார்ப்பாய் வேண்டுமென்று பரண்மேல் கைவிட்டால், அந்தப் பனையோலைக் கூடை கையில் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் உப்பங்கழிச் சேற்று வாடை போகவில்லை. விளிம்பில் நீங்கள் கடித்துக் கடித்து நசுங்கிப்போன இடத்தைத் தொட்டதும், உப்பாவது மழையாவது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு அண்ணன்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீயே வச்சிக்கோம்மா. உம்மேல அவளுக்கு உயிரு" என்றார். நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

நமக்கு ஒரே வயது. அண்ணனைக் கட்டியதால் நீங்கள் அண்ணி ஆனீர்கள். நான் உப்பளத்தில் ஆள்வருகை எழுதும் நோட்டோடு திரிந்தேன். "உப்பு ஆபீசர் வர்றாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று கழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்துவீர்கள். பிறகு பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறால் பிடிப்பீர்கள். பறி வாயில் இருக்கும்வரை உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வராது. அது கீழே இறங்கினால் உங்கள் வாயை மூட யாராலும் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இறக்கிவிட்டீர்கள். "கால்ல பாரு. மணல் கரகரன்னு இருந்தா அங்க தண்ணி ஓடுதுன்னு அர்த்தம். கொழகொழன்னு உள்ள இழுத்தா அங்க தண்ணி தூங்குது" என்றீர்கள். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து, கழி கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைக்கும். ஐப்பசி மழையில் மேலிருந்து வரும் தண்ணீர் அதை உடைக்கும். நடுவில் தினமும் ஏறி இறங்கும் கடல்தண்ணீர், உள்ளே வந்த மண்ணை ஓரிடத்தில் அள்ளி இன்னோரிடத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் உங்கள் பாதம் படித்து வைத்திருந்தது. என் பாதமும் அன்று கொஞ்சம் படித்தது. அதனால்தான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அந்த மழை வருடம் முகத்துவாரம் வடக்கு முனையில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் திறந்திருந்தது. கழி நிரம்பித் தண்ணீர் உப்பளத்துப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று அனுமந்தைக்குக் கிளம்பும்போது, பஸ் படியில் நின்று சொன்னீர்கள்: "வெட்டறதா இருந்தா வடக்கு முனையிலயே அகலமா வெட்டச் சொல்லு. தண்ணி எறங்கற நேரமா பாத்து வெட்டினா, மிச்சத்த அதுவே அறுத்துக்கும்."

மறுநாள் பொக்லைன் வந்தது. "அவ்ளோ தூரம் வண்டி போவாதுங்க, சேத்துல மாட்டிக்கும்" என்றார் ஓட்டுநர். அதற்குள் குவியலின் அடியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. எங்கே வெட்டுவதென்று சொல்லச் சொல்லி மேஸ்திரி என்னைப் பார்த்துக் கத்தினார். நான் உப்பளத்துக்கு நேர் எதிரே இருந்த மணல்மேட்டைக் கைகாட்டினேன். அதன் அடியில் தண்ணீருக்குள் நின்றபோது என் கால் கணுக்கால்வரை கொழகொழவென்று உள்ளே போனது. தெரிந்தும் கைகாட்டினேன்.

மீன்பிடிக்கிறவர்கள் ஓடிவந்து, "யார் சொன்ன எடம் இது?" என்று கேட்டார்கள்.

"அண்ணிதான் காட்டிட்டுப் போனாங்க" என்றேன்.

ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. உங்கள் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

இரண்டு நாள் தண்ணீர் போனது. பிறகு வேகம் வடக்கு முனைக்கும் புதிதாய் வெட்டிய வாய்க்கும் பிரிந்து, எதிலும் மண்ணைத் தள்ளும் பலம் இல்லாமல் போயிற்று. மழை ஓய்ந்ததும் அலை கொண்டுவந்த மணல் புதுவாயை மூடியது, பழைய வாயையும் சேர்த்து மூடியது. கடல்தண்ணீர் உள்ளே வரவில்லை. அதோடு வரவேண்டிய இறால் குஞ்சும் வரவில்லை. கழியில் இறங்கிய பெண்கள் வெறும் பறியோடு கரையேறினார்கள்.

அனுமந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பிய நீங்களும் இறங்கினீர்கள். கரையிலிருந்து ஒருத்தி, "உன் பேச்சக் கேட்டுத்தான நாசமாப் போனோம்!" என்று கத்தினாள். நீங்கள் நிமிர்ந்து அவளைப் பார்த்தீர்கள், பிறகு அவள் பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தீர்கள். புரிந்துகொண்டீர்கள். உங்கள் வாயில் பறி இருந்தது. என் வாய் சும்மாதான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "ஏம்மா, உப்பாவது தப்பிச்சுதா?"

"பாதி கரைஞ்சிடுச்சு அண்ணி."

"அடப்பாவமே" என்றீர்கள். மனதாரச் சொன்னீர்கள். அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஊர் உங்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியது. நீங்களும் சொல்வதை நிறுத்தினீர்கள். இரண்டு வருடம் கழித்து மஞ்சள்காமாலையில் நீங்கள் கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, அன்றாவது சொல்லிவிட வேண்டுமென்று வந்தேன். கஞ்சியில் உப்பு போதுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

இன்று மதியம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் கூட்டம். மறுபடியும் முகத்துவாரம் தூர்ந்திருக்கிறது. எங்கே வெட்டுவது என்று பேச்சு. உங்கள் மகள் எழுந்தாள். உங்களைப் போலவே அவளும் கழியில் இறங்குகிறாள். "வடக்கு முனையில வெட்டுங்க, அங்கதான் அடி மணல் கரகரன்னு இருக்குது" என்றாள்.

"நீ உக்காரும்மா. உங்கம்மா காட்டின எடத்தாலதான் ஒரு வருசம் கஞ்சிக்கு அலைஞ்சோம்" என்றார் ஒருவர். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். உப்பளத்துக்கு எதிரேயே வெட்டலாம் என்று பேச்சு திரும்பியது.

எழுந்துவிட்டேன் அண்ணி. "அது அவங்க காட்டின எடம் இல்ல. நான் காட்டினது. அவங்க வடக்கு முனைன்னுதான் சொன்னாங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

"இத்தினி வருசமா வாயில என்னாத்த வச்சிருந்த?" என்று அன்று கரையில் கத்தியவளே கேட்டாள்.

நாளைக்கு வடக்கு முனையில், தண்ணீர் இறங்கும் நேரத்தில் வெட்டுகிறார்கள். பொக்லைன் சேற்றில் மாட்டாமல் போக வழியை மிதித்துப் பார்த்துச் சொல்ல உங்கள் மகளை முன்னால் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவள் என் பக்கம் வந்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா அத்த?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா உங்கூடப் பேசிட்டு இருந்துச்சு?"

தலையாட்டினேன். கொடுத்துவிடலாமென்று கொண்டுபோயிருந்த பறியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். விளிம்பில் உங்கள் பல் பட்ட இடத்தை விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"வேணாம் அத்த. நீயே வச்சிக்கோ."