இரண்டாவது டோர்கர்

மினசோட்டா,
9 மே 1996

அன்புள்ள தம்பி ஐனாருக்கு,

உன் அக்கா போர்கில்ட் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் மார்லிஸும் கிர்ஸ்டனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதினெட்டு வருஷமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறவள் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே, யாரோ போய்விட்டார்கள் என்று பயந்துவிடாதே. என் முழங்கால்தான் மக்கர் செய்கிறது, வேறொன்றுமில்லை.

போன மாதம் ஆறு பெருகி, நம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. பழைய பெட்டிகளை மேலே தூக்கி உலர்த்தினோம். ஒரு பெட்டிக்குள் சபையின் முதல் பதிவேடு, நார்வே மொழியில். போதகருக்கு அது படிக்க வராது. "போர்கில்ட் அம்மா, உங்க தாத்தா பேரு மாதிரி இருக்கு, பாருங்க" என்று கூப்பிட்டார்.

தாத்தா டோர்கரின் கதை உனக்குத் தெரிந்ததுதான். அவரைப் பெற்ற ஹால்வோரும் குன்ஹில்டும் ஐந்து வயது மகனோடு கப்பல் ஏறினார்கள். அந்தப் பிள்ளை, முதல் டோர்கர், காய்ச்சலில் இறந்து கடலோடு போனான். செத்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது நம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆகவே சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடும் நாளில் நான் வாசிக்கும் குடும்பப் புத்தகத்தில், இரண்டாவது டோர்கர் இங்கே வந்தபின் 1870இல் பிறந்தவர் என்று நானே எழுதினேன். பிள்ளைகள் பிறந்ததைக் குறித்துவைக்கும் வீட்டு பைபிளில் அவருக்குப் பிறந்த தேதி இல்லை. குன்ஹில்ட் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவேட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "1869 அக்டோபர். ஆண் குழந்தை, வயது மூன்று இருக்கலாம். தாயும் தகப்பனும் கப்பலில் இறந்தார்கள். ஊர், பேர் தெரியவில்லை. ஹால்வோரும் குன்ஹில்டும் மகனாக ஏற்று, இறந்த தங்கள் பிள்ளையின் பெயரை வைத்தார்கள்."

தாத்தா பத்து வயதிலேயே ஏர் பிடித்தார் என்று அப்பா பெருமையடிப்பாரே, அப்போது அவருக்குப் பதின்மூன்றோ பதினாலோ இருந்திருக்கும்.

சித்தப்பா மகள் அல்மாவிடம் காட்டினேன். "எரிச்சுடு போர்கில்ட். நூறு பேரு ஒண்ணாச் சாப்பிட வர்ற நேரத்துல இது தேவையா? ஊரு சிரிக்கும்" என்றாள். "எரிச்சுட்டா மட்டும் நம்ம உடம்புல ஹால்வோர் ரத்தம் ஊறிடுமாடீ?" என்று கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு போன் செய்வதில்லை. காது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

ஐனார், சுற்றி வளைத்து எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். 1978 ஜூனில் நீயும் மார்லிஸும் தத்தெடுத்த கிர்ஸ்டனைக் குடும்பச் சந்திப்புக்கு முதல்முறை அழைத்து வந்தீர்கள். கொரியாவிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஏழு வயது. புத்தகத்தைப் படிக்கும்போது அவரவர் பெயருக்குக் கை தூக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உன் பெயரைப் படித்தேன், தூக்கினாய். மார்லிஸ் தூக்கினாள். அடுத்து தன் முறை என்று அவளும் தூக்கினாள். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவள் தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

பிறகு காபி மேஜையருகே நீ கேட்டபோது, "பிள்ளைங்கன்னா ரத்த சொந்தம் மட்டுந்தான் எழுதுறது வழக்கம்" என்றேன். "அப்ப என் பேரையும் அடிச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போனாய். அடிக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

இந்தப் பதிவேடு தண்ணீரில் போயிருந்தாலும் நான் செய்தது தப்புதான். அது கிடைத்துத்தான் எனக்குப் புத்தி வரவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குன்ஹில்டுக்கு அப்போது மகன் போன துக்கம்கூட ஆறியிருக்காது. அவளுக்கு இருந்த மனசு எனக்கு இல்லாமல் போய்விட்டது.

தாத்தாவின் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். உங்கள் இருவர் பெயருக்கும் கீழே கிர்ஸ்டன் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். அவளுக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். பெயர் தெரியாததால் அதற்கும் ஒரு வரி விட்டிருக்கிறேன்.

ஜூன் பதினைந்து, சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு. மார்லிஸுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு ரொட்டியை நானே சுடுகிறேன். ஒரேகனிலிருந்து வருவது தூரம்தான். இருந்தாலும் வாருங்கள். கிர்ஸ்டனை முன்வரிசையில் உட்கார வை. அவள் கை தூக்கும்வரை நான் பக்கத்தைத் திருப்ப மாட்டேன்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
போர்கில்ட்