ஒன்பதாவது ரிப்போர்ட்

மார்ச் 4

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நீ தங்கச்சி என்று முறை கொண்டாடும் என் மனைவியும் குட்டியும் நலம். என் நலத்தை லேபில் இருக்கும் நீதான் சொல்ல வேண்டும். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

தோளில் சிவப்பாக ஒரு தடிப்பு. லிப்ட் ரிப்பேருக்குப் போன கட்டடத்தில், அந்த லிப்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். வெளியே நாலு பேர் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளியூர் வேலைக்குப் போன இடத்தில், லாட்ஜில், ஒரே ஒரு நாள் செய்த தப்பு. அது உள்ளே உட்கார்ந்து சமயம் பார்க்கிறது. ஹாலில்தான் படுக்கிறேன். தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. குட்டி முத்தம் கொடுக்க வந்தால் சளி என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நாலு வயதுப் பிள்ளையிடம் எத்தனை நாள் சளி என்று சொல்வது?

எட்டாவது தடவையாக ரத்தச் சோதனையா என்று திட்டாதே. வியாழக்கிழமை வருகிறேன்.

உன் நெட்டை

மார்ச் 16

அருமை நெட்டைக்கு,

ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது. எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸ் இல்லை, காமாலைக் கிருமியும் இல்லை. தடிப்பு, டூல் பையின் வார் உராய்ந்ததால் வந்தது என்று டாக்டரே சொன்னாரே, காதில் ஏறவில்லையா? மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதே நீ சுத்தம். இப்போது எங்கிருந்துடா முளைக்கும்? தட்டிலும் துண்டிலும் இது தொற்றாது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

உனக்கு வந்திருப்பது பயம். அதுவும் நோய்தான், அதற்கும் மருந்து உண்டு. எங்கள் மாடியில் மனநல டாக்டர் இருக்கிறார், தங்கமான மனிதர். நானே கூட வருகிறேன். ரத்தம் கொடுக்க மட்டும் இனி வராதே.

தங்கச்சி போன் செய்தாள். "அவருக்கு என்னைப் பிடிக்கலையா அண்ணா?" என்று கேட்டாள்.

சோடாபுட்டி

மே 4

அன்பு சோடாபுட்டிக்கு,

வராதே என்றாய், போன மாதம் வந்து நின்றேன். நீயும் ஒன்பதாவது முறையாக ரத்தம் எடுத்தாய். "ஒன்றும் இல்லை" என்று உன் கையால் எழுதிய தாள் வந்ததே, அன்றிலிருந்து மூன்று வாரம் மனுஷனாக இருந்தேன். இரண்டு வருடம் கழித்து அறைக்குள் போய்ப் படுத்தேன். அவள் அழுதாள், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். குட்டி என் தட்டில்தான் சாப்பிடுவேன் என்று ஒரே அடம்.

நேற்று நாக்குக்கு அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையிலும் இருந்தது. இது பத்தாவது, சத்தியமாகக் கடைசி. செவ்வாய் வருகிறேன்.

நெட்டை

மே 9

நெட்டைக்கு,

உட்கார்ந்து படி. ஒன்பதாவது ரத்தத்தை நான் பார்க்கவே இல்லை. நீ படியிறங்கியதும் கொட்டிவிட்டேன். எட்டு தடவை பார்த்தவனுக்கு அலுத்துவிட்டது. ரிப்போர்ட்டை மட்டும் எழுதி அனுப்பினேன். செய்யக் கூடாததுதான்.

ஆனால் யோசித்துப் பார். பார்க்காத ரத்தம் உனக்கு மூன்று வாரம் நிம்மதி கொடுத்திருக்கிறது. அப்படியானால் உனக்கு வேண்டியது சோதனை இல்லையடா. இதைச் சொன்னாலாவது உனக்குப் புரியும் என்றுதான் சொல்கிறேன். மாடி டாக்டரிடம் செவ்வாய்க்கே நேரம் வாங்கியிருக்கிறேன். வா.

சோடாபுட்டி

மே 14

லேப்காரருக்கு,

ஒன்பதாவதைப் பார்க்கவில்லை என்றால், மற்ற எட்டைப் பார்த்தாய் என்று யார் சொல்வது? நீயா?

உன் எழுத்தை நம்பி அவளோடு படுத்தேன். குட்டி என் எச்சில் தட்டில் சாப்பிட்டாள். அந்த மூன்று வாரத்தை நான் எங்கே போய்த் திருப்பிக் கேட்பேன்? வேறு லேபில் கொடுத்தேன். இல்லை என்றார்கள். அவர்கள் மட்டும் பார்த்தார்களா, எனக்கு எப்படித் தெரியும்?

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், லாட்ஜிலிருந்து உன் தாள் வரைக்கும். இரண்டு பேரும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கம்பெனி ஸ்டோர் ரூமில் இருக்கிறேன். இனி எனக்கு எழுதாதே.

ஜூன் 2

அன்புள்ள நெட்டைக்கு,

நீ எழுதாதே என்ற பிறகு இது நாலாவது கடிதம். பதில் போட வேண்டாம், படித்தால் போதும்.

நேற்று தங்கச்சி லேபுக்கு வந்தாள், குட்டியோடு. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பதினெட்டு வருடமாக ஊசி பிடிக்கிறவன், நேற்று எனக்கு நரம்பு அகப்படவில்லை. இரண்டு தடவை குத்தினேன். குட்டிக்கு வேண்டாம்மா, இது வீண் பயம் என்று கெஞ்சினேன். அவர் எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். குட்டி கத்தியது மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

டியூப்பில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். "இதையாவது நிஜமா பார்ப்பீங்களா?" என்று கேட்டாள். அண்ணா என்று சொல்லவில்லை.

அவள் கண் முன்னாலேயே போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்ததை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை படித்தாள். பக்கத்தில் வேறு லேப் எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

வழி சொன்னேன்.

சோடாபுட்டி