அண்ணனுக்கும் போட வருகிற கையெழுத்து

திங்கள். காலையிலேயே வெயில் கொளுத்துகிறது.
ஞாயிறு அன்று மதுரையில் மின் சூப்பர்வைசர் பரீட்சை. பாக்கி: எர்த்திங், மோட்டார் ஸ்டார்ட்டர், விதிகள் (மண்டையில் ஏறவே இல்லை). டிப்ளமோ படித்தது நான். வயரிங் தொழில் அண்ணனுடையது. நான் பாஸானால் என் சான்றிதழைக் காட்டி அவன் காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுப்பானாம். ஊரில் பாதிப் பேர் இப்படித்தானாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவ்வாய். புழுக்கம்.
சாப்பிடும்போது அண்ணன்: "கையெழுத்த இம்புட்டு நீட்டாத. சின்னதாப் போட்டுப் பழகு. எனக்கும் போட வரணும்ல."
வெஞ்சனத்தில் உப்பில்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொல்கிறான். அம்மாவும் தலையாட்டுகிறாள். பற்றிக்கொண்டு வந்தது. நான் கண்ணால் பார்க்காத வீட்டுக்கு, எல்லாம் சரி என்று என் பெயரில் எழுதிக் கொடுப்பானாம். நோகாமல் நுங்கு தின்னப் பார்க்கிறான். யாருக்காவது ஷாக் அடித்தால் போலீஸ் யாரைத் தேடி வரும்?

வியாழன். லேசான தூறல்.
பிடிவாதமாக அவனோடு வத்தலக்குண்டு போனேன். புது வீட்டு வேலை. எர்த் குழி எங்கே என்றேன்.
"கீழ பாறை. தோண்ட முடியல. எர்த் வயரத் தண்ணிக் குழாயில கட்டிவிட்டுட்டேன்."
குழாய் பிளாஸ்டிக். அதன் வழியாக மண்ணுக்குக் கரண்ட் எப்படி இறங்கும்? அடப்பாவி. வீட்டுக்கார அம்மா இடுப்பில் குழந்தையோடு காபி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடிக்க வெட்கமாக இருந்தது.

வெள்ளி.
படிப்பு ஓடவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "லைசென்ஸ் எம் பேர்லதான் எடுப்பேன். செக் பண்ணாம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."
"அப்ப நான் ஒனக்குக் கீழ வேல பாக்கணுமாக்கும்?"
அம்மா: "ஒன்னயப் படிக்க வச்சதே அவன்தான்டி. நன்றி கெட்ட கழுத."
படிக்க வைத்தான், உண்மை. இல்லையென்று யார் சொன்னது? அதற்காக என் பெயரையே எடுத்துக்கொள்வதா? அழுதேன். ஆத்திரத்தில்தான்.

சனி.
வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. ஹால் டிக்கெட், பேனா, கால்குலேட்டர் எடுத்து வைத்தாயிற்று. எர்த்திங் மறுபடி ஒருமுறை.

ஞாயிறு.
தனியாகத்தான் பஸ் ஏறினேன். கொண்டுவந்து விட ஆளில்லை. நன்றாகவே எழுதினேன், விதிகள் மட்டும் சுமார். வெளியே வந்ததும் அண்ணனிடமிருந்து போன். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.
"பாறைய ஒடைக்க ஆள் வந்துருக்கான். எம்புட்டு ஆழம் போகணும்?"