பூசையில் பெயர் சொல்லாத மூன்று பேர்

சேசு மரி சூசை துணை

சிலுவைமேடு,
5.11.1982

அன்பு மகன் ஆரோக்கியதாசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பிலாயில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கை ஜெயசெல்வி செங்கத்தில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள், மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், வாந்தி அதிகம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். கேழ்வரகு மழையில் சாய்ந்துவிட்டது, பாதி தேறும். கறுப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உடம்புச் செய்தியும் வீட்டுச் செய்தியும் இவ்வளவுதான். மனசுக்கு என்ன என்று இனிமேல்தான் எழுதவேண்டும், அதை நீ பொறுமையாகப் படிக்கவேண்டும், பாதியில் மடித்து வைக்காதே.

செவ்வாய்க்கிழமை கல்லறைத் திருநாள். சாமியார் வந்து பூசை வைத்தார். புதுச் சாமியார், போன மாசம்தான் மாற்றலாகி வந்தார், அவருக்கு நம் ஊரைப் பற்றி யார் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதுதான் தெரியும். பிரசங்கத்தில் உன் மாமாவை எழுந்து நிற்கச் சொன்னார். இறந்த விசுவாசிகள் கல்லறைக்குப் போகத் தன் சொந்த நிலத்தையே வழியாகக் கொடுத்த அற்புதராஜ் அவர்களுடைய தாராள மனசை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக என்றார். என் தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கை கூப்பி நின்றான். கோவிலில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், சாமியார் அதைப் பக்தி என்று நினைத்திருப்பார். இந்த ஒரு வருசத்தில் நம் ஊரில் செத்துப்போன மூன்று பேருடைய பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லலாம் என்று எழுந்தேன், உன் அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டார். அதனால் உனக்கு எழுதுகிறேன். அவர்கள் போனது உனக்குத் தெரியும், எப்படிப் போனார்கள் என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை.

முதலில் போனவர் ராஜாக்கண்ணு. வாலிபம் முழுக்கக் கோலார் சுரங்கத்தில் கழித்துவிட்டு நெஞ்சில் தூசியோடு திரும்பி வந்த மனுஷர். கன்னடத்தில் திட்டுவார், தெலுங்கில் பாடுவார், ஜெபம் மட்டும் தமிழில் சொல்வார். உனக்கு விரலை மடித்து வாயில் வைத்துச் சீட்டியடிக்கச் சொல்லிக்கொடுத்து என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர் அவர்தான். நாம் இன்றைக்கும் குடிக்கிற கிணறு அவர் இறங்கிப் பாறை உடைத்த கிணறு. இங்கே யார் செத்தாலும் குழி வெட்டப் போவார், அதற்கு ஒரு கட்டு பீடி தவிர வேறு எதையும் கையால் தொடமாட்டார். குழிக்குள் நின்றுகொண்டு, "மேல வர கூண்டு இல்லாத சுரங்கம் இது ஒண்ணுதாம்பா" என்று சொல்லி, அழுதுகொண்டிருப்பவர்களையும் சிரிக்க வைத்துவிடுவார். உன் பாட்டன் குழியையும் அவர்தான் வெட்டினார்.

வழி விஷயம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். வேடியப்பன் நிலத்து வரப்பு வழியாகப் போனால் கல்வெர்ட்டுப் பாலத்தில் ஏறி ஓடையைத் தாண்டிவிடலாம், கல்லறை அந்தப் பக்கம். அந்த வரப்பை விட்டால் ஓடைக்குள்தான் இறங்கவேண்டும். வேடியப்பன் நம் வேதக்காரர் இல்லை, ஆனால் நம் வீட்டுச் சவம் அவர் நிலத்தில் போகும்போது ஏரை நிறுத்திவிட்டுத் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மகளைக் கட்டிக்கொடுக்க அவர் அந்த நிலத்தை விற்றார், போன வருசம் வைகாசியில் உன் மாமா வாங்கினான், வாங்கின கையோடு கரும்பு போட்டுச் சுற்றிலும் முள்வேலி அடைத்தான். ராஜாக்கண்ணு ஐப்பசி அடைமழையில் செத்தார். நான் தம்பி வீட்டுக்குப் போய், இன்றைக்கு ஒரு நாளைக்கு வேலியைப் பிரித்துவிடு என்று கேட்டேன். அவன் சொன்னான், "பொணம் போற வழின்னு பேரு இருந்தா நெலத்துக்கு இன்னாக்கா மதிப்பு? நாளைக்கு விக்கணும்னா ஒருத்தன் வாங்குவானா?" நம் அம்மாவும் அப்பாவும் இந்த வழியாகத்தானே போனார்கள் என்றேன். "அப்ப நெலம் என்னுது இல்ல" என்றான்.

ஆகவே ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் இடுப்பளவு. உன் அப்பா முன்பக்கம் தோள் கொடுத்தார். நடு ஓடையில் பாசியில் கால் வழுக்கிப் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து பாறையில் மோதியது, பலகை விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே போய்விட்டது. உன் அப்பாவின் தோள் அன்றைக்குப் பிசகினதுதான், இன்னும் சரியாகத் தூக்க முடியவில்லை. சொட்டச் சொட்டத்தான் அவரைப் புதைத்தோம். அவர் பெண்சாதி சின்னக்குழந்தை அழவே இல்லை. "சொரங்கத்துல தண்ணியில நின்னு நின்னுதான் நோவு வந்துச்சு, இப்பவும் நனைச்சுத்தான் அனுப்புறீங்களா" என்று மட்டும் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கருவாட்டுக்காரி பிலோமினாள். அவளோடு சண்டை போடாத வீடு நம் ஊரில் இல்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஊர்களுக்கெல்லாம் நடந்து போய்க் கருவாட்டைக் கொடுத்து சாமையும் புளியும் வாங்கி வருவாள், ஒற்றைப் பொம்பளை, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பெரிய வெள்ளிக்கிழமை மாதாவின் புலம்பலை அவள்தான் எடுப்பாள், உடைந்த பானை மாதிரிக் குரல், ஆனால் அவள் எடுத்தால் தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காரும். என் கோழி அவள் தோட்டத்தைக் கிளறியது என்று ஒரு ஈஸ்டரிலிருந்து அடுத்த ஈஸ்டர் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்த வருசம் உனக்குக் காய்ச்சல் வந்து நாக்குச் செத்துக் கிடந்தபோது சுவருக்கு மேலே ஒரு கருவாட்டுப் பொட்டலம் வந்து விழுந்தது, "புள்ளைக்கு, ஒனக்கில்ல" என்று சத்தம் கேட்டது. அவள் காமாலை வந்து கார்த்திகைப் புயலின்போது போய்ச் சேர்ந்தாள். ஓடையில் ஆள் முழுகும் தண்ணீர். வேலியை இந்தத் தடவையாவது பிரிப்பான் என்று அவளைக் கோவில் வாசலில் கிடத்திப் பொழுது முழுக்கக் காத்திருந்தோம். உன் மாமா வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மறுநாளும் தண்ணீர் வடியவில்லை, அதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் அவள் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியிலேயே குழி தோண்டி மூடினோம். மந்திரித்த மண்கூட இல்லை. ஒரு பொழுது பேச்சுத் துணை இல்லாமல் இருக்கமாட்டாதவள், தனியாகக் கிடக்கிறாள்.

அப்போதுதான் உனக்கு எழுதினேன். நீ உன் மாமாவுக்கு ஒரு வரி எழுது, மகளைக் கட்டப்போகிற மாப்பிள்ளை என்று உன் பேச்சுக்கு மட்டும் அவன் அடங்குவான் என்று எழுதினேன். பெரியவர்கள் விஷயத்தில் நான் தலையிட்டால் நன்றாக இருக்காது, கல்யாணம் முடியட்டும், பிறகு பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நீ பதில் போட்டாய். நல்ல கையெழுத்தில்தான் போட்டிருந்தாய்.

மூன்றாவது ஏசுராஜ். அவனைப் பற்றி நான் உனக்கு எழுதவேண்டியதில்லை, உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். உன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்ததிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். நீ பிலாய்க்குப் புறப்பட்டபோது ஒடுகத்தூர் கடையில் ராத்திரி பகல் மிஷின் மிதித்து உனக்குப் பேண்ட் தைத்துக் கொடுத்தான், நினைவிருக்கும். ஆளைப் பார்த்தால் பேசவே கூச்சப்படுகிறவன், பிலோமினாளை முருங்கை மரத்தடியில் மூடின பிறகு தையல் கடையைக் கவனிக்கவே இல்லை. தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தான். பட்டா நிலம், நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை, ஒரே வேதக்காரர்கள்தானே, ஒற்றுமையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் அவனே சொன்னான், கேட்டுக் கேட்டு நின்றது போதும், அடுத்த மழைக்குள் ஓடைக்கு மேலே நாமே பனைமரம் போட்டு ஒரு வழி பண்ணிக்கொள்ளலாம் என்று. பையன்களைச் சேர்த்துக்கொண்டு சாய்ந்து கிடந்த பனைகளை அறுத்து இழுத்து வந்தான். ஆவணி மாசம், இங்கே நல்ல வெயில். மலை மேலே மழை கொட்டினது யாருக்கும் தெரியவில்லை. அவன் நடு ஓடையில் நின்று மரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மேலே இருந்து வெள்ளம் மரமும் மட்டையுமாக இறங்கியது. கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள். அவன் நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான் என்று சொல்கிறார்கள். சாயங்காலம் உன் மாமாவின் கரும்பு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தான்.

அவனை எடுத்துக்கொண்டு நேராக வேலிக்கு முன்னால் போய் இறக்கினோம். உன் மாமா உள்ளே நின்றான். நான் கேட்டேன், அவன் அம்மா கேட்டாள், இன்னொரு நாள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றான். பிணத்தை வைத்துக்கொண்டு இன்னொரு நாள் என்கிறான். அப்போது வீட்டுப் பக்கமிருந்து அவன் மகள், உனக்கென்று பேசி வைத்த ஜெபகுமாரி வந்தாள். வந்தவள் வெறுங்கையால் முள்ளைப் பிடித்து இழுத்தாள். அவள் அப்பன் எல்லார் முன்னாலும் அவளை அறைந்தான், கீழே விழுந்து எழுந்து மறுபடியும் இழுத்தாள், கையெல்லாம் ரத்தம். அதைப் பார்த்த பிறகு நாங்கள் பொம்பளைகள் எல்லாரும் கை வைத்தோம், வேலி போய்விட்டது. ஏசுராஜ் வழக்கமான வழியில் போனான். பிறகு போலீஸ் வந்து யார் யாரையோ விசாரித்தது, பேப்பர்காரன் ஒருவன் வந்தான், உன் மாமாவுக்குப் பயம் வந்து வரப்பைக் கோவில் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டான். அதைத்தான் தாராளம் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள்.

ஜெபகுமாரி அன்றைக்கே அப்பன் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டாள். வேலூரில் கன்னியர் விடுதியில் தங்கிப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நம் வீட்டில்தான் சாப்பிட்டாள். தை மாசம் நாள் பார்க்கலாமா என்று நீ எழுதியிருந்ததை அவளிடம் சொன்னேன். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "அத்த, எங்க அப்பா கெட்டவரு, அது ஊருக்கே தெரியும், அவரு கூட நான் சண்ட போட்டுட்டேன். ஒங்க புள்ள நல்லவருங்க. நல்லவரு ஒரு வரி எழுதல. அவரு கூட நான் இன்னான்னு சண்ட போட்டு, எப்படிங்க ஒரு வூட்ல இருக்கறது?" உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். நான் அவளுக்குச் சமாதானம் சொல்லவில்லை. நீ சொல்வது சரிதான் பெண்ணே என்று சொல்லிவிட்டேன். ஆகையால் நாள் பார்க்கவேண்டியதில்லை. உனக்கு வேறு இடத்தில் பெண் கிடைக்கும், கை நிறையச் சம்பளம் வருகிறது. எனக்கு இப்படி ஒரு மருமகள் கிடைக்கமாட்டாள்.

அம்மா கல்நெஞ்சக்காரி என்று நினைப்பாய், நினைத்துக்கொள். என் வயிற்றில் பிறந்தவன் நீ, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன். குளிரில் வெறும் சட்டையோடு ஷிப்டுக்குப் போகாதே, சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. தேவமாதா உன்னைக் கண்கலங்காமல் வைத்திருக்கட்டும், அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஏசுராஜின் அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு. தபால்காரர் நம் வீட்டில் நின்றால் அவளும் வந்து நிற்கிறாள், எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. படிக்கத் தெரியாது, நான் படித்துக்காட்டுகிறேன். ஆழ்ந்த அனுதாபம் என்றெல்லாம் எழுதாதே. நீங்கள் இரண்டு பேரும் எங்கே சுற்றினீர்கள், என்ன திருட்டுத்தனம் பண்ணினீர்கள், அவன் யாரைப் பற்றி என்ன சொல்லிச் சிரித்தான், அதை எழுது. அவளுக்குத் தெரியாத ஏசுராஜ் கொஞ்சம் உன்னிடம்தான் இருக்கிறான். இந்தத் தடவையாவது எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
ச. ராணியம்மாள்